கெபிச் சுவரில் பத்துக் கட்டளை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

எனக்குச் செய்த அநியாயம் இது. கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் மறைக்கல்வி எடுத்தேன். முதல் பீரியட். கத்தோலிக்கப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள், மற்றப் பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்து, அந்த நாற்றம் போகாத உடம்போடு வந்து எடுத்தேன். போன ஜூனில் என்னை நீக்கினார்கள். நீக்குகிறோம் என்று சொல்லவில்லை. பாராட்டு விழா என்று கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, கைதட்டி, மேடையை விட்டு இறங்குவதற்குள் என் பீரியடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாதவர் மறைக்கல்வி எடுக்கக் கூடாது என்று முந்தின வாரமே தீர்மானம் போட்டிருந்தார்களாம். நான் எட்டாவது. மீதி எல்லாம் நானாகப் படித்தது.

செய்தவர்கள் மூன்று பேர்.

ஒன்று, பள்ளித் தாளாளர் ஃபாதர், பங்குச் சாமியாரும் அவரே. இனி தா.ஃபா.

இரண்டு, ஜெனிட்டா டீச்சர். மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர், டிப்ளமா. இனி ஜெ.

மூன்று, ஆரோக்கியம். பங்குப் பேரவைத் துணைத்தலைவர். தீர்மானத்தில் முதல் கையெழுத்து. என் மனைவி லூர்துவின் கூடப் பிறந்த தம்பி. பக்கத்து வீடு. நடுவில் ஒரே ஒரு மதில்.

பொன்னாடையால் இப்போது சைக்கிள் துடைக்கிறேன். தண்ணீரை இழுக்காது. அதற்கும் லாயக்கில்லை.

வகுப்பு அலமாரிச் சாவி மட்டும் இன்னும் என்னிடம். கேட்டால் கொடுப்பேன். யாரும் கேட்கவில்லை. இல்லாதது கூடத் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை. வாங்க வேண்டியது: தைலம், அரை கிலோ ரவை, சைக்கிளுக்கு வால் டியூப்.

பள்ளிக்கூடம் வழியாகப் போனேன். மாதா சிலை நிற்கிற கெபிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் பத்துக் கட்டளை எழுதுகிறார்கள். குழந்தைகள் தினத்தன்று திறப்பு விழாவாம். பெயிண்டர் குமார், அண்ணாகிராமம் பக்கத்துப் பையன், போன வருடம் கோயில் கொடிமரத்துக்கு வர்ணம் அடித்தவன். ஏணியில் நின்றபடியே கேட்டான்.

"ஐயா, சிலை செய்யக் கூடாதுன்னு ரெண்டாவதா எழுதச் சொல்றாங்க. பக்கத்துலயே மாதா நிக்குது. ஒண்ணும் ஆவாதா?"

சைக்கிளை ஸ்டாண்டு போட்டேன். முழுதும் படித்தேன். இரண்டாவது, சிலை. மூன்றாவது, கடவுள் பெயர். நாலாவது, ஓய்வுநாள். ஐந்தாவது, தாய் தந்தை. அப்படியே ஒவ்வொன்றாக ஒரு எண் தள்ளிப் போய், நம் ஒன்பதும் பத்தும் ஒன்றாகி முடிகிறது. இது பிரிந்த சபையாரின், பிராட்டஸ்டன்ட்காரர்களின், எண்ணிக்கை. அவர்களுக்கு அதுதான் சரி, குறை சொல்ல மாட்டேன். நமக்கு நாலாவது தாய் தந்தை. ஐந்தாவது கொலை. எட்டாவது பொய். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

"யார் குடுத்தது இது?"

"ஜெனிட்டா டீச்சர் வாட்ஸப்புல அனுப்புனாங்க. நெட்டுல எடுத்ததாம். சாமியாரு பாத்து ஓகேன்னுட்டாரு." போனைக் காட்டினான். பின்னணியில் சூரிய உதயம், புறா, கீழே ஏதோ ஒரு சபையின் பெயர். அதைக் கூடப் பார்க்கவில்லை டிப்ளமா.

"எழுத்துப்பிழை இருக்குதா ஐயா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, ஈரத்துல அழிச்சிடலாம்."

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல குமாரு. நல்லா எழுதியிருக்க. தொடர்ந்து எழுது."

வீடு வரும்வரை சைக்கிள் தானாக ஓடியது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஜூனிலிருந்து இன்றுதான் சோறு ருசித்தது. திறப்பு விழாவில் இருக்கிறது அவர்களுக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. தா.ஃபா. பிரசங்கம் பதினெட்டு நிமிடம். பாதி அவருடைய ரோம் பயணம்.

அறிவிப்பில் ஜெ. மைக் பிடித்தாள். 22ஆம் தேதி சனிக்கிழமை சிதம்பரத்தில் மறைவட்ட மறைக்கல்வித் தேர்வு. நம் பள்ளியிலிருந்து நாற்பத்தாறு பிள்ளைகள். பத்துக் கட்டளையிலிருந்து கட்டாயக் கேள்வி. பிள்ளைகள் தினமும் சுவரைப் பார்த்து மனப்பாடம் செய்யட்டும். 14ஆம் தேதி சிதம்பரத்திலிருந்து பெரிய ஃபாதர் வருகிறார், திறப்பு அவர் கையால்.

பெரிய ஃபாதர்! ஓய்வு பெற்றவர். எண்பதுக்கு மேல். என்னை நிற்க வைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, நீ எடு என்று சொன்னவர் அவர்தான். என் சான்றிதழ் அவர் வாய்ச்சொல். இவர்களே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஒரு விரல் அசைக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஆரோக்கியம், நாலு பேர் சூழ.

"இன்னா மாமா, சுவரு பாத்தீங்களா? கலர் கலரா! உங்க காலத்துல வெறும் சாக்பீஸு."

"பாத்தேன் மச்சான். தூரத்துலேருந்தே நல்லாத் தெரியுது."

"பாருங்கப்பா, மாமாவே பாராட்டுறாரு! கோவம் போயிடுச்சு போல."

"எனக்கென்ன கோவம். பெயிண்டு நல்ல பெயிண்டா?"

"பத்து வருசத்துக்கு அழியாது மாமா. எக்ஸ்டீரியர்."

"அப்படித்தான் இருக்கணும்."

லூர்து என் முகத்தையே பார்த்தாள். நாற்பத்தாறு வருடம் கூட இருப்பவளுக்கு என் முகம் தெரியும்.

நவம்பர் 10, திங்கள்

வெயில், புழுக்கம். சிப்காட் கம்பெனிகளின் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜன்னல் சாத்தியாயிற்று.

மாலை, மதிலுக்கு அந்தப்புறம் பிரின்சி படிக்கிற சத்தம். ஆரோக்கியத்தின் பேத்தி. ஐந்தாம் வகுப்பு. என் வகுப்பில் போன வருடம் முன் பெஞ்சு. நல்ல குரல்.

"நாலாவது, ஓய்வுநாள். அஞ்சாவது, தாய் தந்தை. ஆறாவது, கொலை."

லூர்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"ஏங்க. தப்பால்ல படிக்குது புள்ள?"

"சுவத்துல இருக்கிறத படிக்குது."

"உங்களுக்குத் தெரியுமா?"

கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருக்கீங்களா? என் தம்பி மேல கோவம்னா அவன் சட்டையப் புடிங்க. அதுங்க என்ன பண்ணுச்சுங்க?"

"நாலு நாள். பதினாலாந்தேதி பெரிய ஃபாதர் பாப்பாரு, அத்தன பேர் முன்னாடி கேப்பாரு. பரீட்சைக்கு அதுக்கப்புறம் எட்டு நாள் இருக்குது. புள்ளைங்க மாத்திப் படிச்சிக்கும்."

"எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கீங்க."

"நீ சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன். பாவம் உங்களுது. நீங்களே வச்சிக்கினு இருங்க."

கீரையை அப்படியே முறத்தோடு வைத்துவிட்டு உள்ளே போனாள். மீதியை நான் ஆய்ந்தேன்.

ஜூனில் என் பீரியடில் வேறு ஆள் நின்றபோது இதே லூர்து, தம்பி வீட்டுக்கு மீன்குழம்பு கொடுத்து அனுப்பினாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

சிதம்பரம் போனேன். மகளைப் பார்க்க என்று லூர்துவிடம் சொன்னேன். மகளையும் பார்த்தேன், அரை மணி நேரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், வழியெல்லாம் மழை. எனக்குப் பின்சீட்டில் ஒருவன் போனில்: "குமராட்சிப் பக்கம் தண்ணி ஏறுது, நாத்து போச்சுன்னா போச்சுதான், நீ அழுவாத." ஊரெல்லாம் அவனவன் கவலை.

பெரிய ஃபாதர் மெலிந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி. போன வாரம்தான் கண் ஆபரேஷன். குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார்.

"உபதேசியாரா? வாய்யா. புள்ளைங்க எப்படி?"

"நான் இப்ப எடுக்கிறதில்ல ஃபாதர்."

"விட்டுட்டியா?"

"விடல. புடுங்கிட்டாங்க."

குமராட்சிப் பக்கம் கிளைப்பங்குகளுக்கு அவர் சைக்கிளில் போன காலத்தில் நானும் கூடப் போயிருக்கிறேன். தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கி நடப்பார்.

"எத்தன பேர் மேல கோவம்?"

"மூணு பேர் ஃபாதர்."

"மூணு பேரோட நிக்குதா?"

"நிக்குது."

"நின்னா சரி."

கிளம்பும்போது சொன்னேன்: "வெள்ளிக்கிழமை வரப்போ அந்தச் சுவத்த நிதானமாப் படிச்சுப் பாருங்க ஃபாதர்." படிக்கிறேன் என்றார். வேறெதுவும் நான் சொல்லவில்லை. சொன்னால் நான் மூட்டிவிட்டேன் என்பார்கள். அவரே பார்த்து, அவரே கேட்க வேண்டும். அப்போதுதான் வலிக்கும்.

கறுப்புக் கண்ணாடியை நான் கணக்கில் எடுக்கவில்லை. இதை இரண்டு நாள் கழித்து, ஓரத்தில் எழுதிச் சேர்க்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எட்டரைக்குப் போனேன். வெள்ளை வேட்டி, இஸ்திரி. கடைசி வரிசை நாற்காலி, சுவர் நேரே தெரிகிற இடம்.

முதலில் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம், ஒவ்வொருவராகப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது. நாற்பத்தாறு பிள்ளைகள், ஒரே சாமியார், பெரிய ஃபாதர். நேரம் மிச்சமாக ஜெ. புது ஏற்பாடு. ஆளுக்கொரு சீட்டு, ஒன்று முதல் பத்து வரை கட்டம். எந்தக் கட்டளையை மீறினாயோ அந்தக் கட்டத்தில் டிக். உள்ளே போய் எண்ணைச் சொன்னால் போதும். பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருந்தன. என் வகுப்பில் நான் எண் சொல்ல விட்டதில்லை. என்ன செய்தாயோ அதைச் சொல், அவ்வளவுதான் பாடம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் கண் முழுதும் ரிப்பன் மேல்.

பாவசங்கீர்த்தனம் முடிந்து பெரிய ஃபாதர் வெளியே வந்தார். முகம் செத்திருந்தது. தா.ஃபா. கையைப் பிடித்துக் கெபிக்கு அழைத்துப் போனார். கத்தரிக்கோலைக் கையில் வைத்தார்கள். வெட்டினார். கைதட்டல். "அருமையான சுவர் இல்லையா ஃபாதர்?" என்று தா.ஃபா. மைக்கில் கேட்டார். பெரிய ஃபாதர் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அவருக்கு அது வெறும் வெளுப்பு. ஒரு எழுத்தும் தெரியவில்லை. அது எனக்கு அங்கேதான் விளங்கியது.

ஒரு வார்த்தை பேசவில்லை அவர். கூட்டத்தில் என் பக்கம் வந்தபோது கையை இறுக்கிப் பிடித்தார். விடவில்லை. என்ன ஃபாதர் என்றேன். தலையை ஆட்டினார். காரில் ஏறிப் போய்விட்டார்.

ஏழு நாள் அடக்கி வைத்தது. புஸ்.

ஆரோக்கியம் லட்டு கொண்டுவந்து நீட்டினான். "எடுத்துக்கங்க மாமா. சுகர் இருந்தா பாதி."

மாலை ஐந்து மணி. மதிலுக்கு அந்தப்புறம் அழுகை. லூர்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிரின்சி. இன்று பூசையில் நன்மை, நற்கருணை அப்பம், வாங்கவில்லையாம். சாப்பிடவில்லையாம். அத்தைப் பாட்டியிடம் மட்டும் சொன்னாளாம். டிபனை நாய்க்குப் போட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னாள். சுவரில் பொய்சாட்சி ஒன்பதாவது. "ஒன்பதாவது" என்று சொன்னாள். பிறகு பெரிய ஃபாதர், உனக்கு என்ன வயசும்மா என்றார். பத்து. மறுபடி, என்ன வயசு? பத்து ஃபாதர். இவளுக்கு முன்னால் போன பையன்கள், ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டவன்கள், அடிதடி கொலையில் சேரும் என்று எல்லாம் ஆறாவது. அவன்களையும் வயசு கேட்டாராம். ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டோம் என்று எல்லாப் பிள்ளைகளும் பயந்து கிடக்கின்றன.

நம் எண்ணிக்கையில் ஆறாவது மோகபாவம். ஒன்பதாவது பிறன்மனை.

அதுதான் அந்த முகம். அவர் கேட்டது பாவசங்கீர்த்தனத்தில். அங்கே கேட்டதை எந்தச் சாமியாரும் வாய் திறந்து யாரிடமும் சொல்ல முடியாது, சாடையாகக் கூட முடியாது. நாற்பத்தாறு பிள்ளைகளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு சிதம்பரம் திரும்பினாரோ. முப்பத்தொரு வருடம் அந்தப் பிள்ளைகளை உருவாக்கியவன் நான் என்றல்லவா கையைப் பிடித்திருப்பார்.

லூர்து என்னைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்று சொன்னாள்: "உங்க கோவம் மூணு பேரு மேலதானே. அழுவுறது யாரு?"

நவம்பர் 15, சனி

மழை. காபி இல்லை. அவள் போடவில்லை, நான் கேட்கவில்லை.

காலை ஆரோக்கியமே வந்தான்.

"மாமா, புள்ள ராவெல்லாம் தூங்கல. இன்னான்னே தெரியல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும்."

வீட்டு அலமாரியைத் திறந்து என் பழைய மறைக்கல்விப் புத்தகத்தை எடுத்து, பத்துக் கட்டளைப் பக்கத்தைப் பிரித்து அவன் மடியில் போட்டேன். படி என்றேன். வாய்விட்டுப் படித்தான். நாலாவதில் குரல் இறங்கியது. எட்டாவதில் நின்றுவிட்டான்.

"அய்யோ மாமா."

"டிப்ளமா."

"எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஏழாந்தேதி."

"சொல்லியிருக்கலாமில்ல மாமா!"

"யாருகிட்ட? சான்றிதழ் இல்லாதவன் மறைக்கல்வி பேசக் கூடாதுன்னு நீதானே கையெழுத்துப் போட்ட?"

தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவனுக்குள்ளிருந்து பேரவைத் துணைத்தலைவர் வெளியே வந்தார். "மாமா, வெளிய தெரிஞ்சா பங்குக்கே அசிங்கம். இன்னிக்கு ராத்திரியே குமார வுட்டு வெள்ள அடிச்சிடலாம். சாமியார்கிட்ட நான் பேசுறேன். நீங்க மட்டும் யார்கிட்டயும்..."

"முடியாது."

"மாமா, உங்க கால்ல வேணா வுழுறேன்."

"என் கால்ல வுழுந்து என்ன பிரயோசனம்? பகல்ல திறந்த சுவரு பகல்லதான் அழியணும்."

"பழி வாங்குறீங்க."

"ஆமா."

போகும்போது குடையை மறந்துவிட்டான். கூப்பிடவில்லை. நனையட்டும்.

பத்தரைக்கு தா.ஃபா. போன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. "ஐயா, ஒரு சின்ன மிஸ்டேக், பெரியவங்க நீங்க, பெருந்தன்மையா..." பெரியவர், பெருந்தன்மை. பொன்னாடை போர்த்தியபோது சொன்ன அதே இரண்டு வார்த்தை. திங்கட்கிழமை பேசுவோம் என்று வைத்துவிட்டேன்.

மாலை மதிலருகே போனேன். பிரின்சி துளசிச் செடியிடம் நின்றாள். நாய் காலடியில்.

"ஏ புள்ள. நீ பண்ணது என்ன?"

"டிபன நாய்க்குப் போட்டுட்டு சாப்ட்டேன்னு சொன்னேன் தாத்தா."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அதத்தான் பண்ண. எண்ண மறந்துடு. சுவரு தப்பு. நீ இல்ல."

"சுவரு தப்பா எழுதுமா தாத்தா?"

"எழுதுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லல."

நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. உள்ளே போய்விட்டாள். சாப்பிட்டாள் என்று லூர்து பிறகு சொன்னாள்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நன்மை வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மனம் இறங்கவில்லை. இறக்கவும் போவதில்லை. நாளைக்கு தா.ஃபா. மேசையில் வைக்க, நல்ல தாளில் பெயர்த்து எழுத வேண்டியது கீழே. கடைசி மூன்றைத் தவிர.

தா.ஃபா.: செவ்வாய் அசெம்பிளியில், மைக்கில், சுவர் தவறு, பிள்ளைகள் தவறு இல்லை என்று சொல்ல வேண்டும். சின்ன மிஸ்டேக் என்ற வார்த்தை வரக் கூடாது. பார்த்து ஓகே சொன்னவர் தான்தான் என்பதும் வர வேண்டும். அன்றே சிதம்பரம் போய், பெரிய ஃபாதருக்குச் சுவரில் எழுதியிருந்ததை ஒன்று முதல் பத்து வரை வாசித்துக் காட்ட வேண்டும். வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கே விளங்கும்.

ஜெ.: நாற்பத்தாறு சீட்டையும் திரும்ப வாங்கி, படிக்காமல், பிள்ளைகள் முன்னால் கிழிக்க வேண்டும். பிரின்சி வீட்டுக்கு நேரில் போக வேண்டும். டிப்ளமாவைச் சுவரில் மாட்டியிருந்தால் இறக்க வேண்டாம். பக்கத்தில் அந்தப் புறாப் படத்தையும் மாட்டிக்கொள்ளட்டும்.

குமார்: இரண்டிலிருந்து பத்து வரை அழித்து எழுத வேண்டும். இன்டர்வெல் நேரத்தில், பிள்ளைகள் பார்க்க. முதலில் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டவன் அவன் ஒருவன்தான்.

ஆரோக்கியம்: ஏணி பிடிக்க வேண்டும், முழு வேலைக்கும். பிறகு தீர்மானப் புத்தகத்தில் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில், அடித்தது நானே என்று எழுதி இன்னொரு கையெழுத்து. அதற்குப் பிறகு குடையை வாங்கிக்கொண்டு போகலாம்.

லூர்து: ஒன்றும் செய்ய வேண்டாம். காபி போட்டால் போதும்.

நான்: திங்கள் முதல் வெள்ளி வரை முதல் பீரியட், என் பழைய வகுப்பில். யார் அனுமதியும் கேட்பதாக இல்லை. சாவி என்னிடம். இருபத்திரண்டுக்குள் நாற்பத்தாறு பேருக்கும் வரிசை சரியாக வர வேண்டும்.

நான், இன்னொன்று: சிதம்பரம் போய்ப் பெரிய ஃபாதரிடம் முழங்காலிட வேண்டும். எண் சொல்லக் கூடாது. ஈரத்தில் அழித்துவிடலாம் என்று பெயிண்டர் கேட்டபோது, தெரிந்தே, தொடர்ந்து எழுது என்றேன் என்று சொல்ல வேண்டும். மூன்று பேரும் முதலில் போய் வரட்டும். வரிசையில் நான் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்பேன்.